ஆலயமணியும் அலைபேசியும்

கடற்கரைப் பங்குகளில் பணிபுரிந்த குருக்களுக்கு ஆலயமணியின் மொழி தெரியும். காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் மூவேளை செபத்திற்கு ஒலிக்கும் மணி ஒரு வகை. இடைவெளி விட்டு ஒற்றை ஒற்றையாக விழும் துக்கமணி இன்னொரு வகை. அதைக் கேட்டதும் அடுப்படியில் நிற்கும் பெண்கள் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, 'யாருக்கு?' என்று ஒருவரையொருவர் வினவுவர். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. நேரங்கெட்ட நேரத்தில், கயிற்றை விடாமல் இழுத்து, மூச்சு வாங்காமல் அடிக்கும் மணி. கடலில் படகு கவிழ்ந்தாலும், குடிசையில் தீப்பற்றினாலும், ஊருக்குப் பொதுவாக ஒரு கேடு வந்தாலும் அந்த மணி அடிக்கும். அதற்கு விளக்கம் கேட்டுக்கொண்டு வீட்டில் இருப்பவர் எவருமில்லை. வலை பொத்திக்கொண்டிருப்பவர் ஊசியைப் போட்டது போட்டபடி ஓடிவருவார். காரணம் என்ன என்பது ஆலய முற்றத்திற்கு வந்த பின்னரே தெரியும்.

1996ஆம் ஆண்டில் நாம் இறையியல் மாணவர். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மராட்டிய மாநிலத்தின் இரத்தினகிரியில் மக்கள் எதிர்ப்பினால் நிலைகொள்ள இயலாது போன அந்த ஆலைக்கு 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. ஆலைக்கு வந்த கப்பலை மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டு கடலிலேயே மறித்தது 1996இல்தான். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நமக்கு அச்செய்தி எட்டிய விதம் இன்னும் நினைவில் நிற்கிறது. அடுத்த ஊர் உபதேசியார் மிதிவண்டியில் வந்து இறங்கி, வியர்வையில் நனைந்த ஒரு தாளைப் பங்குத்தந்தையிடம் நீட்டினார். பங்குத்தந்தை அதை இருமுறை படித்தார். 'இதை எழுதியவர் யார்? நீர் கண்ணால் பார்த்தீரா?' என்று கேட்டார். உபதேசியார், தம் மைத்துனர் படகில் இருந்ததாகச் சொன்னார். அதன் பிறகே அத்தாள் மாலைத் திருப்பலியில் அறிவிப்பாக வாசிக்கப்பட்டது. அங்கிருந்து நான்கு ஊர்களைத் தாண்டிச் செல்ல அச்செய்திக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின.

இதைப் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு பகலிலும் ஓர் இரவிலும் எத்தனையோ காரியங்கள் கைமீறிப் போயிருக்கின்றன. ஏழைகளின் குரல் எட்ட வேண்டிய இடத்திற்கு எட்டாமலே அடங்கிய கதைகள் இக்கரையில் ஏராளம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஆலையை முன்னிட்டே, செய்தி செல்லும் வழி அடியோடு மாறிவிட்டதை நாம் கண்டோம். இடையில் 2013 மார்ச் மாதத்தில் நச்சுப்புகை கசிந்ததாக எழுந்த புகார், மாசுபடுத்தியமைக்காக அதே ஆண்டு உச்சநீதிமன்றம் விதித்த 100 கோடி ரூபாய் இழப்பீடு என்று பல நிகழ்ந்திருந்தன. 2018 பிப்ரவரியில் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்துக் குமரெட்டியாபுரம் மக்கள் தம் ஊரிலேயே அமர்ந்தனர். தொலைக்காட்சி வண்டி வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அமர்ந்திருந்தவர்களின் முகங்கள் அன்றன்றே கைப்பேசி வழியாக வெளியூர்களுக்குச் சென்றன. மார்ச் 24 அன்று தூத்துக்குடியில் திரண்ட கூட்டத்தில், எந்தக் கட்சியும் எந்த இயக்கமும் அழைக்காமல், வாட்ஸாப் செய்தி கண்டு வந்தவர்கள் பலர். அதே மாதத்தில் இலண்டன் வாழ் தமிழர்கள் வேதாந்தா நிறுவனத் தலைவரின் இல்லத்தின் முன் நின்று முழக்கமிட்டனர். 1996இல் நான்கு ஊர்களைத் தாண்ட ஒரு பகலும் ஓர் இரவும் எடுத்துக்கொண்ட செய்தி, கடல்களைத் தாண்ட நொடிகளே எடுத்துக்கொண்டது.

போராட்டத்தின் நூறாவது நாளான மே 22 அன்று பனிமய மாதா பேராலயப் பகுதியிலிருந்தும் மடத்தூர்ப் பக்கமிருந்தும் மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் அன்றும் மறுநாளுமாக 13 உயிர்கள் பறிபோயின. வாகனத்தின் கூரைமேல் சாதாரண உடையில் ஏறிநின்று ஒருவர் குறிபார்த்த காட்சியை உலகமே தன் உள்ளங்கையில் பார்த்தது. முந்தைய தலைமுறையில் இப்படியொன்று நடந்திருந்தால், 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்ற ஒற்றை வாக்கியத்தால் அதை மூடிவிட்டிருக்கக்கூடும். மூடமுடியாமல் செய்தது அந்தச் சிறு கருவி. இதை மறுப்பவர் நன்றி மறந்தவர்.

மறுநாள், மே 23 அன்று, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணைய சேவை முடக்கப்பட்டது. நாம் அப்போது திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் ஒரு பங்கில் இருந்தோம். சாதாரண அழைப்புகள் வேலை செய்தன. வேண்டியவரிடம் பேச முடிந்தது. ஆயினும் மக்கள் அமைதி அடையவில்லை. தூத்துக்குடியில் படித்துக்கொண்டிருந்த மகனிடம் பேசி முடித்த ஒரு தாய், மறுபடியும் பங்கு இல்லத்திற்கு வந்து, 'அவன் நல்லாயிருக்கேங்கான் சாமி, ஆனா படம் ஒண்ணும் வரலியே' என்றார். சொல்லை நம்பும் பழக்கம் நம்மை விட்டு எப்போது போயிற்று என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தோம். அந்நாள்களில் மாலைதோறும் மக்கள், அழைப்பு ஏதுமின்றியே, ஆலய முற்றத்தில் வந்து அமர்ந்தனர். மே 28 அன்று ஆலையை மூட அரசு ஆணையிட்டது. ஆலையைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது.

கொடைக்கானலின் கதை வேறு. அங்கே இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. அங்கு வேலை செய்தவர்கள் தம் உடல்நலக் கேட்டிற்காக ஈடு கேட்டுப் பதினைந்து ஆண்டுகள் போராடினர். 2015 ஜூலை இறுதியில் சோபியா அஷ்ரப் என்ற இளம்பெண் பாடிய ஒரு பாடல் இணையத்தில் வெளியாகி, சில நாள்களிலேயே இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. (அம்மெட்டு திருவழிபாட்டுக்கு உகந்ததன்று, நம் பங்கு இளைஞர் ஒருவர் நம்மைக் கட்டாயப்படுத்திக் கேட்கவைத்தார்.) 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாடல் வெளிவருவதற்கு முன் அந்தத் தொழிலாளர்கள் நடையாய் நடந்து சேர்த்துவைத்த மருத்துவச் சீட்டுகளும் நீதிமன்ற மனுக்களும் இல்லையெனில், அந்தப் பாடல் எதைப் பற்றிப் பாடியிருக்கும் என்பதை மட்டும் நம் இளைஞர்கள் யோசிப்பதில்லை.

2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவு அறிவிக்கையை நடுவண் அரசு வெளியிட்டது. பெருந்தொற்றினால் ஊரே அடைபட்டுக் கிடந்த காலம். வரைவு முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே கிடைத்தது. பிற மொழிகளிலும் மொழிபெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் கூறவேண்டியிருந்தது. தெருவில் இறங்க வழியில்லாத அந்நாள்களில் இலட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் அமைச்சகத்தை அடைந்தன. ஜூலையில், ஃபிரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர் என்ற இளையோர் அமைப்பின் இந்திய இணையதளம் முடக்கப்பட்டது. பயங்கரவாதத் தடுப்புக்கான சட்டத்தின் பெயரில் அதற்கு அறிவிப்பு அனுப்பிய தில்லி காவல்துறை, பின்னர் அது தவறுதலாக நேர்ந்ததென்று கூறித் திரும்பப் பெற்றது. மறு ஆண்டு பிப்ரவரியில், உழவர் போராட்டம் தொடர்பான ஓர் இணைய ஆவணத்திற்காக அவ்வமைப்பைச் சேர்ந்த 22 வயது திஷா ரவி பெங்களூரில் கைதாகி, பத்து நாள் கழித்தே பிணையில் வெளிவந்தார். துண்டுத்தாளைக் கிழித்துக் கடலில் போட்டுவிடலாம். கைப்பேசியில் எழுதியதோ எழுதியவரைத் தேடி வரும்.

அந்த மின்னஞ்சல் இயக்கத்தில் நம் பங்கு இளையோரும் சேர்ந்தனர். நாற்பது பேர், எழுத்துப் பிசகாமல் ஒரே கடிதத்தை அனுப்பினர். 'வரைவைப் படித்தீர்களா?' என்று கேட்டோம். தலைகுனிந்தனர். பங்குத்தந்தையும் படித்திருக்கவில்லை என்பதை அவர்கள் அறியவில்லை.

இனி நம் சொந்தக் காரியத்திற்கு வருவோம். இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம்.

நாம் இப்போது இருக்கும் பங்கின் வடக்கு எல்லையில் ஒரு சிற்றாறு கடலோடு கலக்கிறது. மழைக்காலம் தவிர ஏனைய நாள்களில் அது ஓடை என்ற பெயருக்கே தகுதியுடையது. எனினும் அந்தக் கழிமுகத்தில் மடவை உண்டு, நண்டு உண்டு. கடலுக்குப் போக இயலாத முதியோரும் கைம்பெண்களும் அதை நம்பிப் பிழைக்கின்றனர். ஆற்றின் மேற்பக்கம், இரண்டு கல் தொலைவில், ஒரு வேதிப்பொருள் ஆலை இருக்கிறது. அதன் பெயரை எழுதுவதற்கில்லை, வழக்கு நடக்கிறது. 2022இல் அந்த ஆலை விரிவாக்கத்திற்கு விண்ணப்பித்தது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு நாள் குறிக்கப்பட்டது.

நம் பங்கு வாட்ஸாப் குழுவில் அப்போது 412 பேர். கருத்துக்கேட்பு அறிவிக்கப்பட்ட நாள் முதல் குழு கொதித்தது. திருநாள் வரிக்கும் அசன விருந்துக்கும் பயன்பட்ட குழு, திடீரென்று போர்ப்பாசறை ஆயிற்று. ஒருநாள் நம் பங்கு இளைஞர் ஒருவர் (பாலிடெக்னிக் படித்துவிட்டு வேலையின்றி இருப்பவர்) கழிமுகத்தில் தாம் எடுத்த ஒரு படத்தைக் குழுவில் இட்டார். கலங்கிய நீரில் ஏழெட்டு மடவைகள் வயிறு மேலாக மிதந்தன. படம் மங்கலாக இருந்தது. மூவர் மட்டும் கைகூப்பும் குறியிட்டனர்.

ஒரு வாரம் கழித்து, இரவுச் செபம் முடித்துக் கைப்பேசியைப் பார்த்தபோது, வேறொரு படம் வந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளி உருக்கி ஊற்றியதுபோல் செத்த மீன்கள். அடியில், 'நமது கழிமுகம், இன்று காலை. அனைவருக்கும் பகிரவும்' என்று எழுதியிருந்தது. படத்தின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தது. பலமுறை கைமாறி வந்த செய்தி என்பதற்கு வாட்ஸாப் இடும் அடையாளம் அது என்று பின்னர்தான் அறிந்தோம். அன்று அதை நாம் கவனிக்கவில்லை. நெஞ்சு பதறியது. 'இறைவா, எம் பாவத்தைப் பொறுத்தருளும்' என்ற ஒரு வரியைச் சேர்த்து, பக்கத்துப் பங்குத்தந்தையர்க்கும், துறவறச் சகோதரிகளுக்கும், நாம் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் அதை அனுப்பிவிட்டுப் படுத்தோம்.

விடிந்தபோது அது ஊரைத் தாண்டியிருந்தது. யாரோ அதை யூடியூபில் ஏற்றி, சோக இசையும் சேர்த்திருந்தனர். உடன் படித்த குருக்கள் அழைத்து, 'ஆமோசைப் போல் எழும்பிவிட்டீர்' என்றனர். மெய்யாகவே மனம் குளிர்ந்தது. மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம். கழிமுகம் பங்கு இல்லத்திலிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். அன்றும் அதற்கடுத்த நாள்களிலும் நாம் அங்கே போகவில்லை. வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பற்றி வாசகர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. 2006 செப்டம்பர் 14ஆம் நாள் அறிவிக்கையின்படி அக்கூட்டத்திற்கு முப்பது நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உரிய நிலையிலுள்ள அலுவலரோ தலைமை ஏற்கவேண்டும். நடப்பது முழுவதும் படம்பிடிக்கப்பட வேண்டும். சொல்லப்பட்டவை எழுதப்பட்டு, கூட்ட முடிவில் மக்கள் மொழியில் வாசிக்கப்பட வேண்டும். ஆனால் கூட்டம் தொடங்க இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்ற விதி இல்லை. பத்துப் பேர் வந்தாலும் அது கூட்டமே. குழுவில் 160 பேர் கட்டைவிரலை உயர்த்தி 'வருவோம்' என்று உறுதி சொல்லியிருந்தனர். மண்டபத்தில் நாம் எண்ணிய நம்மவர் 23 பேர்.

யாரையும் குறைசொல்ல நமக்கு மனமில்லை. அன்று வேலைநாள். அதைவிட, அந்த 412 எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் நமக்கு ஓர் உண்மை விளங்கியது. அவர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பவர்கள். ஊரைப் பிரிந்த ஏக்கத்தால் ஊருக்காக உரக்கப் பேசுபவர்கள். அவர்கள் அன்பில் பொய்யில்லை. ஆனால் கழிமுகத்து நீரில் முழங்கால் அளவு நிற்பவர் ஒருவர்கூட அக்குழுவில் இல்லை. அவர்களிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அதுவும் மகன் அழைத்தால் எடுக்க மட்டும். ஊரின் குரல் என்று நாம் எண்ணியிருந்தது ஊரைவிட்டுப் போனவர்களின் குரல். 2011 ஆகஸ்டில் இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தலில் அமர்ந்தவர், அன்றைய கடல்தொழிலை இழந்துதான் அமர வேண்டியிருந்தது. கட்டைவிரல் உயர்த்துபவர் எதையும் இழப்பதில்லை. அதனால்தான் 160 என்ற எண்ணிக்கையை நாம் அவ்வளவு எளிதில் நம்பியிருக்கக் கூடாது.

கூட்டத்தில் நிறுவனத்தின் சார்பில் பேசியவர் மிகப் பண்பாகப் பேசினார். திரையில் இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினார். ஒன்று, நாம் பகிர்ந்த படம். மற்றொன்று, சில ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டு ஏரி ஒன்றில் மீன்கள் செத்ததைப் பற்றிய செய்திப்படம். இரண்டும் ஒன்றே. 'மதிப்புக்குரிய பெரியவர்கள்கூட இதை நம்பிப் பரப்பியிருக்கிறார்கள். அவர்களைத் தவறாக எண்ணவேண்டாம்' என்று சொல்லி, நம் பெயரைச் சொல்லாமல் விட்டார். மண்டபத்தின் பின்புறம் சிரிப்பு எழுந்தது. அவர் நம் பெயரைச் சொல்லியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்துப் பேசியவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. கழிமுகத்தில் நண்டு பிடித்துத் தலைச்சுமையாக விற்பவர். தம் பெயரை எழுதுவதைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாதவர். மஞ்சள் பையிலிருந்து மூன்று நாள்காட்டிகளை எடுத்து மேசைமேல் விரித்தார். மறைமாவட்டம் ஆண்டுதோறும் வெளியிட, நாம் பங்கில் கொடுக்கும் மாத நாள்காட்டிகள் அவை. மீன் செத்து மிதந்த நாளில் ஒரு வட்டம். நீரில் நுரை கண்ட நாளில் ஒரு பெருக்கல் குறி. நீரில் நின்றவர்க்குக் கால் அரிப்பெடுத்த நாளில் ஒரு கோடு. மூன்று ஆண்டுகள், ஒரு மாதம் விடாமல். நோன்பு நாளைக் குறிக்கும் மீன் அடையாளத்தின்மேல் சில வட்டங்கள் விழுந்திருந்தன.

'பாட்டி, இதுவும் வாட்ஸாப்ல வந்ததா?' என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவருக்கு அது விளங்கவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, 'இல்ல ஐயா, சாமி கோயில்ல குடுத்த காலண்டர்' என்றார்.

மறுபடியும் சிரிப்பு. தலைமை ஏற்றிருந்த அலுவலர் கையமர்த்தினார். அவர் சொன்னதைப் பதிவு செய்யுமாறு எழுத்தரிடம் கூறினார். கூட்ட முடிவில் வாசித்தபோது மூன்று ஆண்டு உழைப்பு ஒரே வரியாக இருந்தது. 'மீனவப் பெண் ஒருவர் தாம் குறித்துவைத்த நாள்காட்டிகளைக் காண்பித்தார்.'

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் அரசர் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தை நிலவுரிமை பற்றிய பாடமாகவே படித்தோம். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின்மேல் ஆகாபு அரசன் ஆசைவைத்தான். நாபோத்து மூதாதையரின் உரிமைச்சொத்தை விற்க மறுத்தான். ஈசபேல் அவனைக் கொல்வித்தாள். அன்றிரவு திறந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஈசபேல் வாளை எடுக்கவில்லை. மடல்கள் எழுதினாள், அரசனின் முத்திரையிட்டு ஊர்ப்பெரியோர்க்கு அனுப்பினாள். பெற்றவர்கள் 'இது மெய்யா?' என்று கேட்கவில்லை. மேலிடத்து முத்திரை இருந்தது, போதும். பொய்ச்சான்று ஒன்று முத்திரையோடு வந்தால் நல்லவர்கள்கூட அதைத் தாண்டிப் பார்ப்பதில்லை. நம் பங்கு மக்களுக்கு அந்தப் படத்தில் தெரிந்த முத்திரை நம் பெயர். நாபோத்துக்கு எதிராக அல்ல, நாபோத்தின் சார்பாகத்தானே அனுப்பினோம் என்று மனம் வாதாடிப் பார்த்தது. எட்டாம் கட்டளையில் அப்படியொரு விலக்கு இல்லை. நல்ல காரியத்துக்குச் சொல்லப்பட்ட பொய்ச்சான்றுதான் அந்த மூதாட்டியின் மெய்ச்சான்றைச் சிரிப்புக்கு இடமாக்கியது.

அதே அதிகாரத்தில் ஆண்டவர் எலியாவிடம், ஆகாபு எங்கே இருக்கிறான் என்பதைச் சொல்லி, அங்கே போகப் பணிக்கிறார். எலியா போய் நின்ற இடம் அரண்மனை அன்று, நாபோத்தின் தோட்டம். யோவானின் இரண்டாம் திருமுகத்தை முடிக்கும் மூப்பரும், எழுத நிறைய இருந்தும் தாளையும் மையையும் ஒதுக்கிவிட்டு, நேரில் வந்து வாய்மொழியாகப் பேச விரும்புகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலை நாம் பங்கில் ஓராண்டுக் காலம் வகுப்பெடுத்தோம். பிறருடைய துயரத்தை நேரே தொடவிடாமல் இத்தகைய கருவிகள் நம்மைத் தள்ளி நிறுத்தக்கூடும் என்று அதன் 47ஆம் எண்ணிலும், ஒரு திட்டத்தை ஆராயும்போது அவ்விடத்து மக்களுக்குச் சிறப்பான இடம் வேண்டுமென்று 183ஆம் எண்ணிலும் அவர் எழுதியிருக்கிறார். வகுப்பில் இரண்டையும் விளக்கினோம். விளக்கியவர் நாமே.

அடுத்த ஞாயிறு மறையுரைக்குப் பதிலாக நடந்ததைச் சொன்னோம். 'அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பியது நாம்தான். பார்க்காமல் அனுப்பினோம்' என்றோம். ஆலயத்தில் ஓசையில்லை. திருப்பலி முடிந்தபின் சிலர் வந்து, 'பரவாயில்ல ஃபாதர், எல்லாரும் பண்ணுறதுதான்' என்று ஆறுதல் கூறினர். அந்த ஆறுதல் நமக்கு வேண்டியிருக்கவில்லை. கடைசியாக அந்த மூதாட்டி வந்தார். கோபமில்லை. ஒரு சிறு மனத்தாங்கல் மட்டும்.

'கழிமுகம் என்ன காணாத தூரமா சாமி? ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமே.'

மறுநாள் விடியற்காலையில் போனோம். அன்று மீன் எதுவும் செத்திருக்கவில்லை. நீர் தெளிவாகவே இருந்தது. அவர் அன்றைய கட்டத்தைக் குறியிடாமல் விட்டார். குறியில்லாத கட்டங்களும் அந்த நாள்காட்டியில் நிறைய இருந்ததை அப்போதுதான் கவனித்தோம். அவற்றால்தான் வட்டங்களை நம்ப முடிகிறது என்று பின்னர் வழக்கறிஞர் நம்மிடம் சொன்னார்.

2023இல் விரிவாக்கத்திற்கு நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. அனுமதியை எதிர்த்து முப்பது நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவேண்டும் என்பது விதி. வழக்கறிஞர் சான்று கேட்டார். நாள்காட்டிகளைக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, 'இந்த நாள்களில் எடுத்த படம் ஏதேனும் உண்டா?' என்றார். அப்போதுதான் அந்த மங்கலான படமும், அதற்கு மூவர் மட்டும் கைகூப்பியதும் நினைவுக்கு வந்தன. இளைஞரை அழைத்தோம். அவர் கைப்பேசியில் அப்படிப்பட்ட படங்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. 'யாரும் பாக்கல ஃபாதர், அதனால அனுப்புறத நிறுத்திட்டேன்' என்றார். அனுப்புவதைத்தான் நிறுத்தியிருந்தார், எடுப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நாளும் நேரமும் இடமும் கைப்பேசியிலேயே பதிந்திருந்தன. நாள்காட்டியை மேசையில் விரித்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். ஒன்பது படங்கள் மூதாட்டியின் ஒன்பது வட்டங்களோடு பொருந்தின. இளைஞரும் மூதாட்டியும் அதுவரை ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில்லை. அவர் பாலத்தின்மேல் நின்று படம் எடுப்பார்; இவர் கீழே நீரில் நிற்பார்.

மேல்முறையீடு உரிய காலத்தில் தாக்கலாயிற்று. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆலை இயங்குகிறது. குழுவில் இப்போது 430 பேர். அங்கே வரும் படங்களில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம். வயது ஏறியபின் கற்றுக்கொண்ட பாடம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாதா நவநாள் முடிந்ததும், மூதாட்டி மஞ்சள் பையோடு பங்கு இல்லத்திற்கு வருவார். இளைஞர் அந்த மாதத்து ஏட்டைப் படமெடுத்து வழக்கறிஞருக்கு அனுப்புவார். சென்ற முறை அவர் படத்தைப் பெரிதாக்கி மூதாட்டியிடம் காட்டினார். மூதாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

'என் வட்டம் கோணலா இருக்கே. அந்தப் பேனாவ இங்க குடு மக்கா, சரி பண்ணிடுறேன்.'

'திருத்தக் கூடாது பாட்டி.'

'ஏன்? கோர்ட்டுக்குப் போறது, பாக்க நல்லா இருக்க வேண்டாமா?' என்று அவர் நம் முகத்தைப் பார்த்தார். பேனாவை நாம் சட்டைப்பையில் செருகிக்கொண்டோம்.